முதிர்ந்த முட்டைக் கோழிகளின் தாதுத் தீவனம்: ஒரு வரலாறு

முட்டைக் கோழிகளின் தாதுத் தீவனம் என்பது, தானியம், தவிடு, புண்ணாக்கு ஆகியவற்றோடு சேர்த்து முட்டையிடும் கோழிகளுக்குத் தரப்படும் கனிமச் சத்துகளைக் குறிக்கும். கால்சியம், பாஸ்பரஸ், சோடியம், குளோரைடு ஆகியவை கூடுதல் அளவிலும், துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம், செலினியம் போன்றவை மிகச் சிறிய அளவிலும் தேவைப்படுகின்றன. கோழிக்கு வயது ஏற ஏற, குறிப்பாக 60 வாரங்களைக் கடந்த பிறகு, முட்டைகளின் எண்ணிக்கை குறைகிறது, முட்டை பெரிதாகிறது, ஓடு மெலிகிறது. இந்த மூன்று மாற்றங்களையும் தீவனத்தின் வழியாக எந்த அளவுக்குத் தள்ளிப்போட முடியும் என்பது கோழி வளர்ப்பு அறிவியலின் நீண்ட காலக் கேள்விகளில் ஒன்று.

இந்த வரலாற்றின் மையத்தில் ஒரு கைமாற்றம் உள்ளது. புறக்கடையில் மேய்ந்த கோழி தனக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தானே தேடிக் கொத்தித் தின்றது. கூண்டுக்குள் வந்த கோழிக்கு அந்த வாய்ப்பு இல்லை. எந்தத் தாது, எவ்வளவு, எந்த நேரத்தில் என்று தீர்மானிக்கும் பொறுப்பு பண்ணையாளருக்கும் தீவன ஆலைக்கும் போனது. அந்தப் பொறுப்பு எவ்வளவு சரியாக நிறைவேற்றப்படுகிறது என்பது முதிர்ந்த கோழியின் முட்டை ஓட்டிலும் எலும்பிலும் தெரிகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் முட்டை வாங்கும் குடும்பங்களும் இந்தக் கைமாற்றத்தின் விளைவையே கையில் வாங்குகின்றன.

ஒரு முட்டையின் சுண்ணாம்புக் கணக்கு

கோழி முட்டையின் ஓடு ஏறத்தாழ 5.5 முதல் 6 கிராம் எடையுள்ளது. அதில் 94 விழுக்காட்டுக்கு மேல் கால்சியம் கார்பனேட். அதாவது சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் எதனால் ஆனவையோ அதே பொருள். ஓர் ஓட்டில் உள்ள கால்சியம் மட்டும் சுமார் 2.2 கிராம். ஆண்டுக்கு 300 முட்டையிடும் கோழி ஓட்டின் வழியாக ஏறத்தாழ 660 கிராம் கால்சியத்தை வெளியேற்றுகிறது. அதன் உடல் முழுவதிலும் உள்ள கால்சியமோ 20 கிராம் அளவே. ஆக, தன் உடலில் உள்ளதைப் போல முப்பது மடங்குக்கும் அதிகமான கால்சியத்தை ஒரே ஆண்டில் கோழி ஓடாக்கித் தருகிறது.

முட்டை உருவாகி வெளிவர 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதில் 18 முதல் 20 மணி நேரம் ஓடு படிவதற்கே செலவாகிறது. ஓடு வேகமாகப் படியும் நேரம் பெரும்பாலும் இரவில் அமைகிறது. ஆனால் கோழி இரவில் தீவனம் எடுப்பதில்லை. தேவை இரவில், வரவு பகலில் என்ற இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்ள ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் தேவைப்பட்டது.

வோக்லன் சோதனை முதல் எலும்பு மஜ்ஜை வரை

குரோமியம் என்ற தனிமத்தைக் கண்டறிந்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி நிக்கோலா வோக்லன், 1799இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு கோழியை அடைத்துவைத்து ஓட்ஸ் தானியத்தை மட்டும் தீனியாகக் கொடுத்தார். உள்ளே போன தானியத்தில் இருந்த சுண்ணாம்பையும், எச்சத்திலும் முட்டை ஓட்டிலும் வெளிவந்த சுண்ணாம்பையும் அளந்து ஒப்பிட்டார். வரவைவிடச் செலவு அதிகமாக இருந்தது. கோழி தன் உடலுக்குள் சுண்ணாம்பை உருவாக்குகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அவருடைய அளவீட்டில் பிழையில்லை; விளக்கம்தான் தவறு. குறைந்த கணக்கைக் கோழியின் எலும்பு ஈடுகட்டியிருந்தது. இதற்கான உடற்கூற்று விளக்கத்துக்கு 1934 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு கைஸ், பாட்டர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், முட்டையிடும் பெண் புறாக்களின் எலும்பு மஜ்ஜைப் பகுதியில் புதிதாக ஒரு வகை எலும்பு தோன்றுவதை விவரித்தனர். இது மஜ்ஜை எலும்பு எனப்படுகிறது. முட்டையிடும் பருவத்தை நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜன் சுரப்பின் தூண்டுதலால் இது உருவாகிறது. உடலைத் தாங்குவது இதன் முதன்மை வேலை அல்ல. பகலில் சேமித்து இரவில் எடுத்துக் கொடுக்கும் கால்சியக் கிடங்கு இது.

இந்தக் கிடங்குக்கு ஓர் எல்லை உண்டு. தீவனத்திலிருந்து போதிய கால்சியம் வராத நாள்களில் மஜ்ஜை எலும்பு கரைகிறது. அதோடு உடலைத் தாங்கும் கெட்டி எலும்பும் கரைகிறது. கோழி முட்டையிட்டுக்கொண்டிருக்கும் காலம் முழுவதும் மஜ்ஜை எலும்பு மீண்டும் மீண்டும் உருவாகும். ஆனால் கெட்டி எலும்பு பெரும்பாலும் மீள்வதில்லை. எனவே நீண்ட காலம் இடைவிடாமல் முட்டையிட்ட கோழியின் எலும்பு, வெளியே தெரியாமல் மெலிந்துகொண்டே போகிறது.

புறக்கடைக் கோழியும் சுண்ணாம்பும்

தமிழ்நாட்டின் புறக்கடைக் கோழிக்குத் தாதுத் தீவனம் என்று தனியாக எதுவும் வைக்கப்படவில்லை. அது ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைகளே இட்டது. சில முட்டைகள் இட்டதும் அடைகாக்க அமர்ந்தது, குஞ்சுகளோடு திரிந்தது. அந்த வாரங்களில் முட்டை இல்லாததால் எலும்பு தேறியது. மேய்ச்சலில் நத்தை, பூச்சி, கீரை, மணல், பொடிக்கல் எல்லாம் கிடைத்தன. சுண்ணாம்பு பூசிய சுவரைக் கோழி கொத்துவதையும், வீசிய முட்டை ஓட்டைத் தின்பதையும் கிராமத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள்.

இது வெறும் பழக்கம் அல்ல. 1971இல் ஹியூஸ், வுட்-கஷ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், கால்சியம் குறைந்த தீவனம் உண்ட கோழிகள் கால்சியம் உள்ள பொருளைத் தேடித் தேர்ந்து உண்பதைச் சோதனை மூலம் காட்டினர். கோழிக்குக் கால்சியத்துக்கென்று தனிப் பசி உண்டு என்பது இதனால் உறுதியானது.

சென்னைப் பகுதியில் சுண்ணாம்புக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பழவேற்காடு, எண்ணூர் கழிமுகங்களில் கிடைத்த கிளிஞ்சல்கள் சூளையில் சுடப்பட்டுக் கட்டடச் சுண்ணாம்பாயின. பழைய மதராஸ் கட்டடங்களின் பளபளப்பான சுண்ணாம்புப் பூச்சு புகழ்பெற்றது. பின்னாளில் சுடாத கிளிஞ்சலைப் பொடித்துத் தீவனத்தில் கலக்கும் வழக்கம் வந்தபோது, அது இந்தப் பகுதிக்கு அந்நியமான பொருளாக இல்லை.

வெள்ளை லெகார்ன் வருகை

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அதிக முட்டையிடும் அயல் இனங்கள் தமிழகத்துக்கு வந்தன. 1920களில் டி. ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் மார்த்தாண்டத்தில் இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையம், மேம்பட்ட இனக் கோழிகளைப் பரப்பியதோடு முட்டைகளைக் கூட்டுறவாகச் சேர்த்து விற்கவும் ஏற்பாடு செய்தது. பூந்தமல்லி வழியாகச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வேலூர் வட்டாரத்தில், அமெரிக்க ஆற்காடு மிஷன் காட்பாடியில் நடத்திய வேளாண் நிறுவனமும் கோழி வளர்ப்பை ஊக்குவித்தது.

கல்வி நிலையில் இதற்கான களம் சென்னையில் அமைந்தது. மதராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கப்பட்டு, 1905இல் வேப்பேரிக்கு மாறியது. 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டுப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. வட இந்தியாவில் இசத்நகரில் 1939இல் கோழி ஆராய்ச்சிப் பிரிவு ஏற்படுத்தப்பட்டது.

ஆண்டுக்கு 200 முட்டைக்கு மேல் இடக்கூடிய வெள்ளை லெகார்ன் கோழிக்குப் புறக்கடை மேய்ச்சல் போதாது. அதன் கால்சியச் செலவு நாட்டுக் கோழியைப் போல மூன்று மடங்கு. அதிக முட்டை வேண்டுமென்றால் அதற்கான தாதுவை மனிதர் கொடுக்க வேண்டும் என்ற நிலை இங்கே தொடங்கியது.

குறைநோய்கள் கற்றுத்தந்த தாதுக்கள்

கால்சியம் தவிர்த்த மற்ற தாதுக்களின் தேவை, அவை இல்லாதபோது வந்த நோய்களின் வழியாகத்தான் தெரியவந்தது. கோழிகளைக் கொட்டகைக்குள் அடைத்து வளர்க்கத் தொடங்கியதும் அமெரிக்காவில் குஞ்சுகளின் கால்கள் வலுவிழந்தன. 1920களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள், சூரிய ஒளியும் மீன் எண்ணெயும் இதைத் தடுப்பதைக் காட்டின. வெயில் படாத கோழிக்கு வைட்டமின் டி குறைகிறது. அது குறைந்தால் தீவனத்தில் கால்சியம் இருந்தும் குடல் அதை உறிஞ்சுவதில்லை.

1936இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வில்கஸ், நாரிஸ், ஹியூசர் ஆகியோர், குஞ்சுகளின் கணுக்கால் தசைநாண் நழுவும் நோய்க்கு மாங்கனீசுக் குறைவே காரணம் என்று கண்டனர். முட்டைக் கோழியில் மாங்கனீசு குறைந்தால் ஓடு மெலியும் என்பதும் தெரியவந்தது. 1950களின் இறுதியில் கோழிக் குஞ்சுக்குத் துத்தநாகம் இன்றியமையாதது என்று மிசோரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிறுவினர். துத்தநாகம் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியின் பகுதி. ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் உருவாக இந்த நொதி தேவை. தாமிரம் ஓட்டின் உட்புறச் சவ்வின் இழைகளைப் பிணைக்க உதவுகிறது.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1944இல் கோழிகளுக்கான சத்துத் தேவைப் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டது. 1994 பதிப்பில், நாளொன்றுக்கு 100 கிராம் தீவனம் உண்ணும் முட்டைக் கோழிக்கு 3.25 விழுக்காடு கால்சியம் பரிந்துரைக்கப்பட்டது. இந்தியாவில் கோழித் தீவனத்துக்கான தர அளவு ஐ.எஸ். 1374 என்ற எண்ணில் வகுக்கப்பட்டு, பலமுறை திருத்தப்பட்டுள்ளது.

கூண்டு முறையும் கூண்டுச் சோர்வும்

1930களில் அமெரிக்காவில், குறிப்பாகக் கலிபோர்னியாவில், முட்டைக் கோழிகளைக் கம்பிக் கூண்டில் வளர்க்கும் முறை பரவியது. தமிழகப் பண்ணையாளர்கள் இன்றும் ஒரு வகைக் கூண்டைக் கலிபோர்னியா கூண்டு என்றே அழைக்கிறார்கள். ஆழ்கூளத்தில் வளர்ந்த கோழி கூளத்தைக் கிளறி எச்சத்திலிருந்தும் சிறிது தாதுவைத் திரும்ப எடுக்க முடிந்தது. கூண்டில் அதுவும் இல்லை. நடை குறைந்ததால் எலும்பின் உறுதியும் குறைந்தது.

1955இல் டெக்சாஸ் ஆய்வாளர் ஜே. ஆர். கௌச், நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி திடீரென்று எழுந்து நிற்க முடியாமல் கூண்டுக்குள் சாய்ந்துவிடும் நிலையைக் கூண்டுச் சோர்வு என்று விவரித்தார். அத்தகைய கோழியை வெளியே எடுத்துத் தரையில் விட்டால் பல சமயம் தேறிவிடும். எலும்பிலிருந்து தாது எடுக்கப்பட்டு முதுகெலும்பும் நெஞ்செலும்பும் நொறுங்குவதே அடிப்படைக் காரணம். 2000இல் ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வைட்ஹெட், ஃபிளெமிங் ஆகியோர் கூண்டுக் கோழிகளின் எலும்பு மெலிவைப் பற்றிய விரிவான ஆய்வுரையை வெளியிட்டனர்.

தமிழகத்தில் கூண்டு முறையின் தலைமை இடமானது நாமக்கல். மழை குறைந்த, மானாவாரி நிலம் மிகுந்த, லாரித் தொழில் வளர்ந்த அந்த வட்டாரத்தில் 1970களிலும் 1980களிலும் முட்டைப் பண்ணைகள் பெருகின. 1982இல் பி. வி. ராவ் முன்முயற்சியில் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தோன்றி, முட்டை விலையை அறிவிக்கத் தொடங்கியது. நாமக்கல்லில் 1985இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. தீவனத்தைப் பரிசோதித்துத் தரத்தை உறுதிசெய்யும் ஆய்வகமும் அங்கே அமைந்தது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானபோது இந்தக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன.

வயது ஏறும்போது நடப்பவை

முட்டைக் கோழி ஏறத்தாழ 18 முதல் 20 வாரங்களில் முட்டையிடத் தொடங்கி, 28 வாரங்களுக்குள் உச்சத்தை அடைகிறது. நல்ல பண்ணையில் அப்போது நூறு கோழிக்கு 95 முட்டை வரை கிடைக்கும். பிறகு எண்ணிக்கை மெல்ல இறங்குகிறது. 72 வாரங்களில் கோழிகளைக் கழித்து இறைச்சிக்கு விற்பது நெடுநாள் வழக்கம்.

கழிப்பதற்கு முட்டை எண்ணிக்கை மட்டும் காரணமல்ல. முதிர்ந்த கோழியின் முட்டை 60 கிராமைத் தாண்டுகிறது. ஆனால் ஓட்டுக்குக் கோழி தரும் சுண்ணாம்பு அதே அளவில் கூடுவதில்லை. ஒரே அளவு மாவைப் பெரிய கல்லில் தேய்த்தால் தோசை மெலிவது போல ஓடு மெலிகிறது. கீறல் முட்டையும் தோல் முட்டையும் கூடுகின்றன. 10,000 கோழிகள் உள்ள பண்ணையில் 80 விழுக்காடு முட்டை கிடைப்பதாகக் கொண்டால் நாளுக்கு 8,000 முட்டை. அதில் உடைப்பு கூடுதலாக 2 விழுக்காடு உயர்ந்தால் நாளொன்றுக்கு 160 முட்டை, அதாவது 30 முட்டை அட்டைகளில் ஐந்துக்கு மேல், விற்பனையில் குறைகிறது. இந்தியாவில் முட்டை எண்ணிக்கையில்தான் விற்கப்படுகிறது, எடையில் அல்ல. எனவே பெரிய முட்டையால் பண்ணையாளருக்கு அதற்கேற்ற கூடுதல் விலை கிடைப்பதில்லை; உடைப்பு மட்டுமே கூடுகிறது.

வயதான கோழிக்குக் கால்சியத்தைக் கூட்டிக் கொடுத்தால் போதாதா என்ற கேள்வி இயல்பானது. 1970இல் கேம்பிரிட்ஜில் ஃபிரேசர், கொடிசெக் ஆகியோரின் கண்டுபிடிப்பு இதற்கு விடையின் ஒரு பகுதியைத் தந்தது. வைட்டமின் டி சிறுநீரகத்தில் மாற்றம் பெற்ற பிறகே முழு வீச்சில் செயல்படுகிறது என்று அவர்கள் காட்டினர். முதிர்ந்த கோழியில் இந்த மாற்றும் திறன் குறைகிறது. ஈஸ்ட்ரோஜனின் தூண்டலும் தளர்கிறது. குடல் கால்சியத்தை உறிஞ்சுவது குறைகிறது. தொட்டியில் சுண்ணாம்பு இருந்தாலும் உடலுக்குள் அது முழுமையாகச் சேர்வதில்லை. அளவுக்கு மீறிச் சேர்த்தால் கோழி தீவனத்தையே குறைத்து உண்ணும். பாஸ்பரஸ், துத்தநாகம் ஆகியவற்றின் உறிஞ்சலும் தடைபடும்.

கண்டறியப்பட்ட வழிகள்

இந்தச் சிக்கலுக்கு எளிய, பலனுள்ள விடைகளில் ஒன்று கல்லின் பருமன். மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் விரைவில் கரைந்து குடலைக் கடந்துவிடுகிறது. 2 முதல் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள கல் குருணையும் கிளிஞ்சல் துண்டும் அரைவைப் பையில் தங்கி, இரவு முழுவதும் மெல்லக் கரைகின்றன. ஓடு படியும் நேரத்தில் கால்சியம் கிடைப்பதால் எலும்பிலிருந்து எடுக்கும் தேவை குறைகிறது. முதிர்ந்த கோழிகளின் தீவனத்தில் கால்சியத்தை 4 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்துவதோடு, அதில் பாதிக்கு மேல் குருணையாகக் கொடுப்பதும், மாலைத் தீவனத்தில் கூடுதலாகச் சேர்ப்பதும் நடைமுறைக்கு வந்தன. கல்லின் தரமும் முக்கியம். மெக்னீசியம் மிகுந்த டோலமைட் கல் முட்டைக் கோழிக்கு ஏற்றதல்ல.

இரண்டாவது, பாஸ்பரஸ். எலும்புக்கு இது தேவை. ஆனால் முதிர்ந்த கோழிக்கு இது அதிகமானால் ஓட்டின் தரம் கெடுகிறது. ஆகவே வயது ஏறும்போது கால்சியத்தைக் கூட்டி, பாஸ்பரஸைச் சற்றுக் குறைப்பது முறையாயிற்று. தானியத்திலும் தவிட்டிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற வடிவில் பூட்டப்பட்டுள்ளது. அதைப் பிரிக்கும் ஃபைட்டேஸ் நொதி 1991இல் நெதர்லாந்தில் வணிக முறையில் விற்பனைக்கு வந்தது. டைகால்சியம் பாஸ்பேட் சேர்க்கும் அளவும், எச்சத்தின் வழியாக மண்ணுக்குப் போகும் பாஸ்பரஸும் இதனால் குறைந்தன.

மூன்றாவது, நுண் தாதுக்களின் வடிவம். துத்தநாகம், மாங்கனீசு, தாமிரம் ஆகியவை சல்பேட், ஆக்சைடு உப்புகளாகச் சேர்க்கப்பட்டு வந்தன. 1990களுக்குப் பின் அமினோ அமிலங்களோடு பிணைத்த கரிம வடிவங்கள் பெருமளவில் சந்தைக்கு வந்தன. முதிர்ந்த கோழிகளில் இவை ஓட்டின் உறுதியை மேம்படுத்துவதாகப் பல சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் முட்டை எண்ணிக்கை கூடுகிறதா என்பதில் முடிவுகள் ஒருமித்து இல்லை. அடிப்படைத் தீவனம் ஏற்கெனவே நிறைவாக இருந்தால் வேறுபாடு சிறிதாகவே இருக்கிறது. விலை கூடிய தாதுக் கலவையை வாங்கும் முன், கல் குருணையும் பாஸ்பரஸ் அளவும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதே முதற்படி.

நான்காவது வழி சர்ச்சைக்குரியது. கோழிகளைச் செயற்கையாக இறகு உதிர்க்கச் செய்து, சில வாரங்கள் முட்டையை நிறுத்தி, மீண்டும் ஒரு முட்டைச் சுற்றுக்குக் கொண்டுவரும் முறை பல நாடுகளில் இருந்தது. ஓய்வுக்குப் பின் ஓட்டின் தரம் உயர்கிறது. இதற்குப் பட்டினி போடுவதே பழைய முறை. 1970களில் தீவனத்தில் துத்தநாகத்தை மிக அதிக அளவில் சேர்த்தும் இதே விளைவைப் பெறலாம் என்று கண்டனர். மிகக் குறைந்த அளவில் உயிர் காக்கும் தாது, பெருமளவில் தரப்படும்போது பசியை அடக்கி முட்டையை நிறுத்துகிறது. பட்டினி போட்டு இறகு உதிர்ப்பதைக் கைவிடுமாறு இந்திய விலங்குகள் நல வாரியம் 2011இல் அறிவுறுத்தியது.

சென்னை மேற்குப் புறநகரின் இடம்

1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் உருவானபின், இந்தப் பகுதியின் வயல்களும் தோப்புகளும் படிப்படியாகக் குடியிருப்புகளாயின. புறக்கடையும் அதில் மேய்ந்த கோழியும் சுருங்கின. இன்று இங்குள்ள மளிகைக் கடைகளில் கிடைக்கும் வெள்ளை முட்டையில் பெரும்பகுதி நாமக்கல் வட்டாரத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வருகிறது. பண்ணையில் ஏற்றி, மொத்த வியாபாரியிடம் இறக்கி, மீண்டும் வண்டியில் ஏற்றிக் கடைக்கு வருவதற்குள் முட்டை பலமுறை கைமாறுகிறது. முதிர்ந்த கோழியின் மெல்லிய ஓடு இந்தப் பயணத்தில்தான் சோதிக்கப்படுகிறது. கீறல் விட்ட முட்டையில் கிருமி எளிதில் நுழையும் என்பதால் இது விலைச் சிக்கல் மட்டுமல்ல, உணவுப் பாதுகாப்புச் சிக்கலும்கூட.

அரசுப் பள்ளிக் குழந்தைகளும் இதில் தொடர்புடையவர்கள். 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் 1989இல் இரு வாரங்களுக்கு ஒரு முட்டை சேர்க்கப்பட்டது. 1998இல் அது வாரம் ஒன்றானது. 2010இல் பள்ளி நாள்கள் ஐந்திலும் முட்டை என்றானது. ஏழைக் குழந்தையின் தட்டில் உறுதியாகக் கிடைக்கும் புரதத்தில் ஒரு பங்கு, கூண்டுக் கோழியின் எலும்பையும் ஓட்டையும் நம்பி நிற்கிறது.

ஆராய்ச்சி நிறுவனங்களைப் பொறுத்தவரை, மேற்குப் புறநகரைச் சுற்றி ஒரு வளையமே உள்ளது. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் அம்பத்தூருக்குக் கிழக்கே மாதவரம் பால்பண்ணையில் உள்ளது. நந்தனத்தில் இருந்த கோழி ஆராய்ச்சி நிலையம் நந்தனம் கோழி, நந்தனம் வான்கோழி போன்ற இனங்களை உருவாக்கியது. பின்னர் அது மாதவரத்துக்கு மாற்றப்பட்டது. ஆவடிக்கு வடக்கே அலமாதியில் மத்திய அரசின் கால்நடை இனப்பெருக்கப் பண்ணை உள்ளது. அங்கு முர்ரா எருமைகள் வளர்க்கப்படுகின்றன. கால்நடை ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம் இருக்கும் காட்டுப்பாக்கத்தைப் பலர் பூந்தமல்லிக்கு அருகிலுள்ள காட்டுப்பாக்கம் என்று கருதுகின்றனர். இரண்டும் வேறு. ஆய்வு நிறுவனம் இருப்பது செங்கல்பட்டு மாவட்டம் காட்டாங்கொளத்தூர் பகுதியில்.

இப்பகுதியில் மாடியிலும் தோட்டத்திலும் சில கோழிகள் வளர்ப்போருக்கும் இந்த வரலாறு பயன்படும். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும்போது கோழி வாயைத் திறந்து மூச்சிரைக்கிறது. அதனால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் கிடைப்பது குறைகிறது. தாது போதுமான அளவில் இருந்தும் ஓடு மெலிய இது ஒரு காரணம். தண்ணீர் மற்றொரு காரணம். ஆஸ்திரேலியாவில் பால்னேவ் குழுவினர் 1980களிலும் 1990களிலும் நடத்திய ஆய்வுகள், உப்பு கலந்த குடிநீர் முட்டைக் கோழியின் ஓட்டைக் கெடுப்பதையும், முதிர்ந்த கோழிகளில் இந்தக் கேடு கூடுவதையும் காட்டின. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு ஏறியுள்ள இடங்களில் தீவனத்தை மாற்றும் முன் தண்ணீரை மாற்றிப் பார்ப்பது நல்லது. தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் துண்டுகளை வைத்தால், வேண்டிய கோழி வேண்டிய அளவு தானே எடுத்துக்கொள்ளும்.

இன்றைய நிலை

ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய வகைக் கூண்டுகள் 2012இல் தடை செய்யப்பட்டன. இந்தியாவில் சட்ட ஆணையம் 2017இல் தன் 269ஆவது அறிக்கையில் முட்டைக் கோழிகளின் போக்குவரத்து, வளர்ப்பிடம் ஆகியவற்றுக்கு விதிமுறைகளைப் பரிந்துரைத்தது. மறுபுறம் இனப்பெருக்க நிறுவனங்கள், கோழியை 72 வாரத்தில் கழிக்காமல் 100 வாரம் வரை வைத்து 500 முட்டை பெறுவதை இலக்காக அறிவித்துள்ளன. பெய்ன், நீஸ், டன் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வுரை, இந்த இலக்குக்கு முட்டை எண்ணிக்கையைத் தக்கவைப்பது மட்டும் போதாது, ஓட்டின் தரத்தையும் கோழியின் எலும்பையும் சேர்த்துக் காக்க வேண்டும் என்று வலியுறுத்தியது.

ஒரே கோழியை நெடுநாள் வைத்திருந்தால் புதிய குஞ்சு வளர்க்கும் செலவும் தீவனமும் மிச்சமாகும். கொல்லப்படும் கோழிகளின் எண்ணிக்கையும் குறையும். ஆனால் அந்தக் கூடுதல் வாரங்களின் சுமையைக் கோழியின் எலும்பே தாங்க வேண்டும். எலும்பின் அடித்தளம் முதல் முட்டைக்கு முன்பே, குஞ்சுப் பருவத்திலும் வளர் பருவத்திலும் இடப்படுகிறது. அப்போது பலவீனமாக வளர்ந்த கோழிக்கு 70ஆவது வாரத்தில் கொட்டப்படும் தாதுக் கலவை பெரிதாக உதவுவதில்லை. முதிர்ந்த கோழியின் தாதுத் தீவனம் அதன் இளமையிலேயே தொடங்க வேண்டும் என்பதும், உடல் ஏற்கும் நேரத்திலும் வடிவிலும் தாதுவைத் தருவது அளவைக் கூட்டுவதைவிட முக்கியம் என்பதும் இரு நூற்றாண்டு ஆய்வுகளின் சாரம்.